சுந்தரத்துக்கு, தொப்பை விஷயமாக

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தையில் கல்யாணம் என்றால் இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் தொப்பையைக் கரைத்துவிட வேண்டும் என்று வயிற்றில் கட்டும் பெல்ட் வாங்கியிருக்கிறாயாமே! கோபித்துக்கொள்ளாதே, படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த பெல்ட் வியர்க்க வைக்கும், அவ்வளவுதான். வியர்வையில் போவது தண்ணீர். ஒரு சொம்பு மோர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் எடுக்க முடியாது. படுத்து எழுந்து செய்வதால் தசை பலப்படும். கொழுப்பு முதலில் எங்கே குறைய வேண்டும் என்பது உடம்பின் முடிவு. நல்ல செய்தியும் உண்டு. கல்லீரலையும் குடலையும் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்புதான் ஆபத்தானது, ஆனால் உடற்பயிற்சிக்கு மசியக்கூடியதும் அதுதான். எடை குறையாத வாரங்களில்கூட அது குறையலாம். அதனால் எடை மெஷினில் தினமும் ஏறி இறங்கி மனசு வெறுக்காதே. தையல்காரரின் இன்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டதும் அளந்து பார். எக்கிக்கொண்டு அளக்கக் கூடாது! நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். பேண்ட் சைஸை நம்பாதே. தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு “எனக்கு 34 தான்” என்று சொல்லும் கூட்டம் நாம்.

“நான் குண்டு இல்லையே, தொப்பை மட்டும்தானே” என்று எழுதியிருந்தாய். நம் ஊர் உடம்பின் சிக்கலே அதுதான். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வந்தது. உயரத்துக்கும் எடைக்குமான பிஎம்ஐ கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தன் உடம்பையே ஆதாரமாகக் காட்டிய அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம்மிடம் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் நடை மட்டும் போதாது என்கிறேன். இங்கே கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் நல்ல கூட்டம். பேசிக்கொண்டே ஒரு சுற்று நடந்துவிட்டு நேரே டிபன் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் செலவாவது சுமார் 300 கலோரி. இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாட முடியாத, ஆனால் பேச முடிகிற வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடமாவது நட. கூடவே இரண்டு மூன்று நாள் பஸ்கியும் தண்டாலும் சேர்த்துக்கொள். சாப்பாட்டில் இருக்கும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசைதான், அதிலும் தொடையில் இருப்பவை பெரிய தசைகள். எனக்குச் சட்டைப் பொத்தான் இழுக்காமல் போட வந்தது பஸ்கி தொடங்கிய பிறகுதான்.

உடனே முழு பஸ்கியில் இறங்கிவிடாதே. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகு. தண்டாலைச் சுவரில் கை வைத்து ஆரம்பிக்கலாம். ஜிம்முக்குப் பணம் கட்டுவதைப் பிறகு யோசிப்போம். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, தங்கச்சி சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். ராத்திரிச் சோற்றைக் குறைத்து சுண்டலோ முட்டையோ சேர்த்துக்கொள்.

அப்புறம், மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எந்தக் கால், வீக்கம் இருக்கிறதா? டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுது. அதுவரை நடை மட்டும் போதும். கல்யாணத் தேதி முடிவானதும் சொல், டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
சேகர்