பாக்கி ஏன் விழுந்தது என்றும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் தங்கள் சிபில் அறிக்கையை, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் பதிவை, எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. கடனையோ கிரெடிட் கார்டு பாக்கியையோ கட்டாமல் விட்ட பதிவு இருந்தால் பணி நியமனம் கிடையாது என்று ஸ்டேட் பாங்க் ஆள் எடுக்கும் அறிவிப்பிலேயே இருக்கிறது. அப்படி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025-ல் சொல்லிவிட்டது.

அடுத்தவர் பணத்தைக் கையாளும் வேலைக்கு இதைப் பார்க்க வேண்டியதுதான், சரி. ஆனால் நம் பக்கத்தில் பாக்கி எப்படி விழுகிறது? முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் அம்மா பீடி சுற்றிப் பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கிறார், கல்விக் கடன் பிள்ளை பெயரில் ஏறுகிறது, படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும், வேலைதான் கிடைத்திருக்காது. அந்தக் கடனை அடைக்கத்தான் பையன் வங்கி வேலைக்கே படிக்கிறான். அதே கடன் அவனை வாசலில் நிறுத்துகிறது.

அமெரிக்காவில் அரசு ரகசியங்களைப் பார்க்கும் வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். 2017 முதல் நடப்பில் உள்ள விதிகளில் ஆராயப்படும் 13 விஷயங்களில் ஒருவருடைய பண நிலைமையும் ஒன்று, கடனில் மூழ்கியவரைப் பணம் காட்டி வளைத்துவிடலாம் என்ற பயம்தான். அங்கேகூட கடன் இருக்கிறது என்றவுடன் கதவைச் சாத்துவதில்லை. வேலை போனதா, திடீர் மருத்துவச் செலவா, வீட்டில் சாவா, அதன் பிறகாவது கடன் கொடுத்தவரிடம் பேசி ஒழுங்காகக் கட்டி வருகிறாரா என்றெல்லாம் விசாரித்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். நாட்டு ரகசியத்துக்கே இவ்வளவு விசாரிக்க முடியும்போது, கேஷ் கவுண்டர் வேலைக்கு ஏன் முடியாது? நம் வங்கிகளும் இந்த வழியை விதியில் எழுதி வைக்க வேண்டும்.

அதுவரை பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்ளட்டும். இந்த அறிக்கையைத் தயாரிக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் புகார் கொடுங்கள், 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. சொந்தக்காரருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் வந்து நிற்கும், அப்புறம் தள்ளுபடி பேசி முடித்த கடன் முழுதாகக் கட்டியதாக அல்ல, 'செட்டில்டு' என்றே பதிவாகும். முடிந்தவரை முழுதாகக் கட்டி, கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று வாங்கி வையுங்கள். வேலையில் சேரும்போது சிபிலில் பதிவு திருத்தப்படாமல் இருந்தால் வங்கி கேட்பது அந்தச் சான்றைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.