களத்து மஞ்சளும் குர்குமின் யோசனையும்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்துச் சந்தோஷம். நான் வராததற்கு நீ ஒன்றும் நினைக்க மாட்டாய், தங்கச்சிதான் கோபமாக இருப்பாள். மூட்டுவலியைக் காரணம் சொல்லிச் சமாதானப்படுத்து. அது பொய்யும் இல்லை.

சரி, உன் பையன் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சளை ஏலத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, அதற்கு நிறம் கொடுக்கும் குர்குமினைத் தனியே பிரித்து விற்றால் என்ன என்கிறான். நல்ல கேள்விதான். லேபில் இதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. மஞ்சள் தூளை, சூடான திரவத்தைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் போட்டு ஆல்கஹாலோ அசிட்டோனோ ஊற்றிச் சூடேற்றினால் சாயம் முழுக்க இறங்கிவிடும். அந்தக் கருவியே 1879-ல் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்காக ஒரு ஜெர்மன்காரர் செய்தது. இன்று உலகத்து மூலிகையெல்லாம் அதில்தான் வேகிறது!

எதில் கரைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெல்லிக்காயின் வைட்டமின் சி வெறும் தண்ணீரிலேயே இறங்கிவிடும். குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. நீங்கள் அறுவடை முடிந்து கொப்பரையில் மஞ்சளை வேக வைக்கிறீர்களே, கரைவதாக இருந்தால் நிறமெல்லாம் அந்தத் தண்ணீரோடு போயிருக்க வேண்டாமா? சுண்ணாம்பு மாதிரிக் காரம் சேர்த்தால் கரையும். ஆனால் ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்து, சீக்கிரம் சிதைந்தும் போகும். அவ்வளவு காரம்கூட வேண்டாம். நம் ரத்தத்தின் லேசான காரத்தன்மை அளவுக்கு வைத்த உப்புக் கரைசலில், உடம்புச் சூட்டில், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்ததாக 1997-லேயே கண்டிருக்கிறார்கள். அதனால் ஆலையில் அசிட்டோன், எத்தில் அசிடேட், ஆல்கஹால் இவைதான். ஊற வைத்து இறக்கி, கரைப்பானைக் காய்ச்சி மீட்டால் எண்ணெயும் பிசினும் கலந்த கெட்டியான சாறு, ஓலியோரெசின், நிற்கும். அதிலிருந்து குர்குமினைப் படிகமாக்கி வடிக்க வேண்டும்.

இனி கணக்கு. ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்று வை. நூறு கிலோ விரலியில் ஒரு பொட்டு வீணாகாமல் எடுத்தாலும் 3 கிலோதான். மிச்சம் சக்கை. தீப்பற்றும் கரைப்பானை டிரம் டிரம்மாகக் கொட்டகையில் வைக்க வேண்டும். மோட்டார், சுவிட்ச் எல்லாம் பொறி பறக்காத ரகமாக இருக்க வேண்டும். ஆல்கஹால் என்றால் மதுவிலக்குத் துறை உரிமம் தனி. உணவு நிறமாக ஐரோப்பாவுக்கு அனுப்பினால், மிச்சமிருக்கும் அசிட்டோன், ஆல்கஹால் வகையறா எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொச்சிப் பக்கத்துப் பெரிய ஆலைகள் பல வருஷமாக இதையே செய்து வருகின்றன. அவர்களோடு விலையில் மோத நம்மால் ஆகாது.

அவன் அனுப்பிய விளம்பரத் தாளில் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி இத்தனை சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அது டிபிபிஹெச் என்ற ரசாயனத்தை வைத்துச் செய்யும் சோதனை. அதன் ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டால் மஞ்சளாக வெளிறும், எவ்வளவு வெளிறியது என்று அளப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தெருவோரச் செடியையெல்லாம் பறித்து வந்து இதைத்தான் செய்கிறார்கள். டீத்தூளும் அமோகமாக வெளிறச் செய்யும். குழாயில் நிறம் மாறியதற்கும் வயிற்றுக்குள் போய் வேலை செய்வதற்கும் நடுவே ரொம்ப தூரம். அமெரிக்க விவசாயத் துறையே, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு என்று வைத்திருந்த பெரிய பட்டியலை 2012-ல் எடுத்துவிட்டது. விளம்பரத்துக்குத்தான் அது பயன்பட்டது, உடம்பில் பலன் என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள்.

குர்குமினைத் தனியே விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். 1998-ல் பெங்களூரில் 2 கிராம் குர்குமினோடு மிளகுக்குக் காரம் கொடுக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது சேர்மானம் இருபது மடங்கு ஆனது. உடனே மாத்திரைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசு எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ரசத்தில் போடுகிற மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை. அப்புறம், நீ வாங்கி வைத்திருப்பதாக எழுதிய அந்தக் குர்குமின் மாத்திரை டப்பாவைத் திறப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நீ.

பையனுக்கு நான் சொல்வது இதுதான். ஆலையை விடு, மஞ்சளையே உயர்த்து. கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதீபா ரகத்தில் 6 சதவீதத்துக்கு மேல் குர்குமின் உண்டு. மேகாலயாவின் லக்காடாங் மஞ்சளில் 7 என்கிறார்கள், ஆனால் அது அந்த மலை மண்ணுக்கானது, இங்கே அப்படியே வருமென்று எண்ண வேண்டாம். அரை ஏக்கரில் பிரதீபாவைப் போட்டுப் பார்த்து, காய்ந்த விரலியை மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு லேபில் சோதித்து, அந்தச் சீட்டைக் காட்டி விற்கட்டும். சதவீதம் பார்த்து விலை போடும் வியாபாரிகள் இருக்கிறார்கள்.

இதை அவனிடம் நீயே படித்துக் காட்டு. நான் போனில் சொன்னால் வாத்தியார் பேச்சு என்று பாதியிலேயே வைத்துவிடுவான். விதைக்கிழங்கு வாங்கக் கோழிக்கோடு போவதானால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
நடராசன்