ஐந்து நட்டு போய் ஒற்றை நட்டு வந்தது ஏன்? நாஸ்கார் மாடல் வாங்குபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடையில் அமெரிக்கக் கார் பந்தயமான நாஸ்காரின் 1:24 அளவு மாடல்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். 2021 வரை ஓடிய கார்களில் சக்கரத்துக்கு ஐந்து நட்டு. 2022 முதல் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. கதவின் நடுவில் இருந்த எண்ணும் முன்சக்கரத்தை ஒட்டி நகர்ந்திருக்கிறது. மாடல் செய்தவர்கள் எங்கோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துச் சிலர் வாங்காமலே வைத்துவிட்டுப் போகிறார்கள். தவறு ஏதுமில்லை, நிஜக் காரே அப்படி மாறிவிட்டது. ஏன் மாறியது, செலவு யார் தலையில் விழுந்தது, போட்டி என்ன ஆனது என்பதையெல்லாம் பில் போடும் நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

நாஸ்காரின் முதன்மைத் தொடரான ‘கப்’ பந்தயத்தில் விதிச் சண்டை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1949 ஜூன் 19, சார்லட் நகரம். கடையில் விற்கும் காரை விற்றபடியே ஓட்ட வேண்டும் என்பது விதி. முதலில் வந்தவர் க்ளென் டனவே. பந்தயம் முடிந்து சோதித்தபோது அவர் ஓட்டிய ஃபோர்டின் பின்பக்க ஸ்ப்ரிங்குகளில் கைவைத்திருந்தது தெரிந்தது. தகுதி நீக்கம் செய்துவிட்டு, லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கார் உரிமையாளர் நீதிமன்றம் போனார், தோற்றார். விதி எழுதுபவரின் கை அன்றைக்கே ஓங்கிவிட்டது.

எங்கள் கடையில் வந்த வேகத்தில் விற்றுப்போகும் பிளிமத் சூப்பர்பேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூரான மூக்கும் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிற்கும் பின் இறக்கையும் பந்தயத்துக்காகவே வைத்தவை. அப்படி ஒரு காரை ஓட்ட வேண்டுமானால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்றிருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், 1970-இல் பிளிமத் 1,900-க்கும் மேற்பட்ட சூப்பர்பேர்டுகளைத் தயாரித்தது. அதன் உறவுக்காரனான டாட்ஜ் சார்ஜர் டேடோனாவில்தான் 1970 மார்ச்சில் டல்லடேகா தடத்தில் படி பேக்கர் என்ற ஓட்டுநர் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். 1971-இல் நாஸ்கார் இந்தக் கார்களைத் தடை செய்யவில்லை. இறக்கைக் கார் ஓட்டுபவர்கள் 305 கன அங்குல எஞ்சினைத்தான் போட வேண்டும் என்றது, அவ்வளவுதான். மற்றவர்கள் ஏழு லிட்டர் எஞ்சினோடு வரும்போது ஐந்து லிட்டரை வைத்து என்ன செய்வது? தயாரிப்பாளர்கள் கொட்டிய பணம் ஒரே பருவத்தில் வீணானது.

சரி, 2022-க்கு வருவோம். அதற்கு முன்பு பெரிய அணிகள் தங்கள் சேஸிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, தாங்களே வெல்டிங் செய்து கட்டின. இரும்புத் தகட்டை வளைத்துத் தட்டி பாடி செய்ய அனுபவமுள்ள கைகள் பட்டறை நிறைய இருந்தன. காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்ப்பது, கழற்றுவது, மறுபடி தட்டுவது என்று ஓயாத வேலை. நீளத் தடத்துக்கு ஒரு கார், குட்டைத் தடத்துக்கு இன்னொன்று, வளைந்து நெளியும் சாலைத் தடத்துக்கு வேறொன்று. சிறிய அணிகளுக்குப் பெரியவர்கள் ஓட்டிக் கழித்த சேஸிஸ்தான் கிடைக்கும்.

2022-இல் நாஸ்கார் கொண்டுவந்த ‘நெக்ஸ்ட் ஜென்’ கார் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. சேஸிஸ் எல்லாருக்கும் டெக்னிக் நிறுவனத்திடமிருந்து. கியர்பாக்ஸ் எக்ஸ்ட்ராக், பிரேக் ஏபி ரேசிங், சக்கரம் பிபிஎஸ். பாடி இரும்புத் தகடு இல்லை, அச்சில் வார்த்த கலப்புப்பொருள் பலகைகள், ஃபைவ் ஸ்டார் தயாரிப்பு. ஒரு கார் எண்ணுக்கு ஏழு சேஸிஸுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. 15 அங்குல இரும்புச் சக்கரம் போய் 18 அங்குல விட்டத்தில், முன்பைவிட அகலமான அலுமினியச் சக்கரம் வந்தது. அதை இறுக்கத்தான் நடுவில் அந்த ஒற்றை நட்டு. எண்ணை முன்னால் நகர்த்தியது ஸ்பான்சர் பெயருக்கு இடம் விடுவதற்காக. அதுவும் பணக் கணக்குதான்.

முதல் ஆண்டின் பலனைப் பாருங்கள். 2022-இல் 19 ஓட்டுநர்கள் வென்றார்கள், 2001-இன் சாதனைக்குச் சமம். ஐந்து பேருக்கு அது முதல் கப் வெற்றி. அதில் ராஸ் சாஸ்டெய்ன், டேனியல் சுவாரெஸ் இருவரும் டிராக்ஹவுஸ் அணி. 2021-இல்தான் களத்துக்கு வந்த அணி அது. சொந்தமாகச் சேஸிஸ் கட்டியிருந்தால் இரண்டாவது ஆண்டிலேயே வென்றிருக்குமா என்பது சந்தேகம்தான். சோனோமாவில் சுவாரெஸ் வென்றது மெக்சிகோவில் பிறந்த ஒருவரின் முதல் கப் வெற்றி. எங்களைக் கேட்டால், இந்த விதிமாற்றத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் செலவு குறைந்ததா என்றால், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. முன்பு வளைந்த பாகத்தைச் சொந்தப் பட்டறையில் நிமிர்த்திக்கொள்வார்கள். இப்போது குறிப்பிட்ட சப்ளையரிடமே வாங்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. பாகத்தைத் திருத்தக் கூடாது என்றானதும், பெரிய அணிகள் அந்தப் பணத்தைப் பொறியாளர்கள் மீதும் கணினி சிமுலேஷன் மீதும் போடத் தொடங்கின. 2022 அக்டோபரில் அணிகளின் பிரதிநிதிகள் இந்தத் தொழில் கணக்கு கட்டுப்படியாகவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 2024 அக்டோபரில் மைக்கேல் ஜோர்டான் பங்குதாரராக இருக்கும் 23எக்ஸ்ஐ அணியும் ஃப்ரன்ட் ரோ அணியும் நாஸ்கார் மீது ஏகபோக வழக்குப் போட்டன. 2025 டிசம்பரில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சமரசம் ஆனது. அணிகளின் பங்கேற்பு உரிமங்கள் நிரந்தரமாயின.

கைவைத்தால் தண்டனையும் கடுமை. எல்லாருக்கும் ஒரே சப்ளையர் தரும் பாகத்தைத் திருத்தியதற்காக 2022 மார்ச்சில் ஓட்டுநர் பிராட் கெசலோவ்ஸ்கிக்கு 100 புள்ளிகள் போயின, அவருடைய பட்டறைக் குழுத் தலைவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். அந்த ஜூலையில் போகோனோ தடத்தில் முதலிரண்டு இடங்களில் வந்த டென்னி ஹாம்லினும் கைல் புஷ்ஷும் சேர்ந்தே தகுதி இழந்தார்கள். காரணம், முன்முகத்தின் கீழ்மூலைகளில் ஒட்டியிருந்த 0.012 அங்குலத் தடிமன் பிளாஸ்டிக் படலம். ஒரு சுற்றில்கூட முன்னிலை வகிக்காத சேஸ் எலியட் வெற்றியாளர் ஆனார். அந்தப் பந்தயத்தை வென்றவர் என்று ஹாம்லின் மாடல் கேட்பவர்களுக்கு இதுதான் எங்கள் பதில்.

எங்களுக்கு மனதில் உறுத்துவது வேறொன்று. அதே போகோனோவில், தகுதிச் சுற்றில் கர்ட் புஷ்ஷின் கார் பின்புறமாகச் சுவரில் மோதியது. பின்பகுதி அளவுக்கு மீறி விறைப்பாக இருந்ததால் அதிர்ச்சி முழுவதும் அவர் உடலில் இறங்கி, தலைக்காயத்தோடு அவருடைய முழுநேரப் பந்தய வாழ்க்கையே முடிந்தது. எல்லாரும் ஒரே காரை ஓட்டும்போது குறையும் எல்லாருக்கும் ஒன்றுதான். 2023 பருவத்துக்காகக் காரின் பின்பகுதியை மாற்றி வடிவமைத்தார்கள். புதிய பாகத்தை எல்லா அணியும் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவைப் பற்றி எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அது முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

போட்டி விஷயத்தில் குட்டைத் தடங்கள்தான் அடி வாங்கின. அகல டயரும் நல்ல பிரேக்கும் வந்ததில் பிரேக் பிடிக்கும் தூரம் சுருங்கியது. மார்ட்டின்ஸ்வில் போன்ற இடங்களில் முந்துவதே பெரும்பாடு. இதைச் சரிசெய்ய 2026 முதல் ஒன்றரை மைலுக்குக் குறைவான தடங்களில் எஞ்சின் திறனை 670-லிருந்து 750 குதிரைத்திறனாக உயர்த்துகிறார்கள். இந்த மாற்றம் காருக்குள்ளே நடப்பது என்பதால், அதை வைத்து 2026 மாடலை வெளியிலிருந்து அடையாளம் காண முடியாது. பெட்டியில் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் இனி ஐந்து நட்டுக் கார்கள் இடதுபக்க அலமாரியிலும் ஒற்றை நட்டுக் கார்கள் வலதுபக்கத்திலும் இருக்கும். கர்ட் புஷ் 2022 மே மாதம் கான்சஸில் கடைசியாக வென்ற 45-ஆம் எண் டொயோட்டாவைப் பலர் கேட்டு வைத்திருக்கிறீர்கள். வந்ததும் கேட்ட வரிசைப்படி அழைக்கிறோம். முன்பணம் வேண்டாம், பெயரையும் போன் எண்ணையும் மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்கள்