பள்ளிக்குப் பைனாகுலர் வாங்கவிருக்கும் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றத்தையும் தேசிய பசுமைப் படையையும் நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். வலசைப் பறவைகள் வரும் ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களில் நஞ்சராயன் குளத்துக்கும் வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கும் உங்கள் மாணவர்களுடன் வந்து பறவைகளை அடையாளம் காட்டும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். நஞ்சராயன் குளம் 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற பிறகு, மன்றத்துக்குப் பைனாகுலர் வாங்க எதைத் தேர்வது என்று ஆசிரியர்கள் கேட்பது கூடியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட, எல்லாருக்குமாக ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள் மன்றத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் தந்தார்கள். ஒன்று மூவாயிரம் வீதம் பத்துப் பைனாகுலர்கள் வாங்கப்பட்டன; ஒவ்வொன்றின் மேலும் "30×60" என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருந்தது. குளக்கரையில் அவற்றைக் கண்ணில் வைத்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு எதுவும் தெரியவில்லை. மீதிப்பேருக்கு ஒரு கூழைக்கடா இரண்டாகத் தெரிந்தது. பெட்டியிலிருந்த அடிக்கோலை எடுத்து முன்புற லென்ஸை அளந்து பார்த்தோம். அறுபது மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விட்டம் இருபத்தைந்துதான் இருந்தது. அன்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட ஒரே பாடம் விளம்பரத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பதுதான். அதுவும் நல்ல பாடம்தான் என்றாலும் முப்பதாயிரம் ரூபாய் அதற்கு அதிகம்.

அதே தொகைக்கு நடுத்தர விலையுள்ள நல்ல கருவிகள் இரண்டு வாங்கியிருக்கலாம். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். போதும் என்பதே என் அனுபவம். ஒரு பிள்ளை பறவையைத் தெளிவாகப் பார்த்துவிட்டு, "கால் பச்சையாக இருக்கிறது, அலகு இலேசாக மேலே வளைந்திருக்கிறது" என்று சொல்லிக் கருவியை அடுத்தவரிடம் கொடுக்கும்போது, வாங்குகிறவர் எதைத் தேட வேண்டும் என்று அறிந்தே வாங்குகிறார். பத்துப்பேர் பத்து மங்கலான வட்டங்களைத் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சே எழாது.

பைனாகுலரின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது உருப்பெருக்கம். இரண்டாவது, நம் பாடநூல் சொல்லும் பொருளருகு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். முதல் எண் பெரிதாக இருந்தால் கருவி சிறந்தது என்ற எண்ணம்தான் கடைக்காரர்களை வாழவைக்கிறது. நூறு மீட்டர் தொலைவில் சேற்றில் மேயும் பொரி உள்ளானை 8 மடங்கு கருவி பன்னிரண்டரை மீட்டரில் நிற்பதுபோலக் காட்டும்; 10 மடங்கு கருவி பத்து மீட்டரில் நிற்பதுபோலக் காட்டும். அந்த இரண்டரை மீட்டர் நெருக்கத்துக்காக எதையெல்லாம் இழக்கிறோம் என்று பாருங்கள். கை நடுக்கமும் அதே விகிதத்தில் பெரிதாகிறது. ஒளி குறைகிறது: விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம், 8×42இல் அது 5.25 மில்லிமீட்டர், 10×42இல் 4.2 மில்லிமீட்டர். நண்பகலில் கண்ணின் பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருப்பதால் வேறுபாடு தெரியாது. நாரைகளும் கொக்குகளும் அடைய வரும் அந்திப்பொழுதில், அதிலும் பாவை நன்றாக விரியும் இளம் கண்களுக்கு, நன்றாகவே தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பார்வைப் பரப்பு. வார்ட்டெக்ஸ் நிறுவனத்தின் டைமண்ட்பேக் எச்டி வரிசையையே எடுத்துக்கொள்வோம். அதன் 8×42 ஆயிரம் மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 131 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது. 10×42 ஏறத்தாழ 110 மீட்டர். பழகிய கண்ணுக்கு இது சிறு வேறுபாடு. ஆனால் வேலிக்காத்தான் புதருக்குள் கதிர்க்குருவி தாவுவதை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, பைனாகுலரைத் தூக்கியதும் அதைத் தொலைத்துவிட்டு விழிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த இருபது சொச்சம் மீட்டர்தான் பறவை கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வேறுபாடு. ஆகவே, உருப்பெருக்கம் 8 என்று முடிவுசெய்துவிட்டு, அதற்குள் பார்வைப் பரப்பை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள் என்பதே உங்களிடம் என் வேண்டுகோள்.

பெரிய குளத்தின் நடுவே நீந்தும் வரித்தலை வாத்துகளுக்கு 8 போதாதே என்பது நியாயமான மறுப்பு. உண்மைதான், போதாது, 10உம் போதாது. அதற்கு முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி வேண்டும். பெரும்பாலான பறவை நோக்கும் குழுக்களில் ஒருவரிடமாவது அது இருக்கும், கேட்டால் கொண்டுவருவார்கள்.

இனி, பத்தாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட விலையில் நான் கையில் வைத்துப் பார்த்த மூன்றைப் பற்றி. நிக்கான் ஆக்‌ஷன் இஎக்ஸ் 8×40 பழைய போரோ வகை முப்பட்டக அமைப்புக் கொண்டது; தோள் அகன்று, 855 கிராம் எடையுடன், பார்ப்பதற்கு நாட்டுப்புறத்தான்போல இருக்கும். ஆனால் 143 மீட்டர் பார்வைப் பரப்பு, தண்ணீர் புகாத உடல், மூன்றிலும் குறைந்த விலை. ஐந்து மீட்டருக்கு உட்பட்டவை அதில் தெளியாது என்பதால் பள்ளித் தோட்டத்துத் தும்பிகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் உதவாது. டைமண்ட்பேக் எச்டி 8×42 நேர்க்குழல் வடிவம். 620 கிராம் அளவு. ஒன்றரை மீட்டரிலேயே தெளிகிறது. நிக்கான் மோனார்க் எம்5 8×42 மூன்றிலும் நிறத்தூய்மை மிக்கது. அதன் இ.டி. (ED) வகைக் கண்ணாடி நிறப்பிறழ்ச்சியைக் குறைப்பதால், வெளிறிய வானத்தின் முன் பறக்கும் கரண்டிவாயனின் ஓரத்தில் ஊதாக் கோடு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் அதன் பார்வைப் பரப்பு 112 மீட்டர்தான். அதாவது, 8 மடங்கு கருவியை வாங்கி 10 மடங்கின் குறுகலை ஏற்றுக்கொள்கிறோம். பெயரையும் மதிப்பையும் பார்த்து எல்லாரும் இதையே பரிந்துரைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பரப்பையும் தூய்மையையும் சேர்த்துத் தரும் எம்7 8×42க்குப் பரப்பு 145 மீட்டர். விலை நம் வரம்பைத் தாண்டிவிடும்.

மாணவர் கைக்கு டைமண்ட்பேக் அல்லது ஆக்‌ஷன் இஎக்ஸ், தமக்கென ஒன்று வாங்கும் ஆசிரியருக்கு எம்5 என்பது என் தீர்ப்பு. கண்ணாடி அணிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணருகு லென்ஸிலிருந்து கண் எவ்வளவு விலகியிருக்கும்வரை முழுவட்டமும் தெரியும் என்ற அளவு, அதாவது கண்விலகல், எம்5இல் 19.5 மில்லிமீட்டர், டைமண்ட்பேக்கிலும் ஆக்‌ஷன் இஎக்ஸிலும் 17 அளவில். விலை குறைவென்று பலர் வாங்கும் நிக்கான் ஆக்குலான் 8×42இல் அது 12 மட்டுமே என்பதால், கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்தால் சாவித்துவாரத்தில் பார்ப்பதுபோல இருக்கும். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்களுக்கு இடையிலான தொலைவு குறைவு. முழுக்க மடக்கினாலும் சில 42 மில்லிமீட்டர் கருவிகள் அவர்களுக்குப் பொருந்துவதில்லை. வாங்கும் முன் உங்கள் மன்றத்தில் முகம் சிறுத்த பிள்ளை ஒருவரின் கண்ணில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் 8×30 அல்லது 8×32 பக்கம் போங்கள்.

சிக்கல் தொடங்கும் இடம் விலைப்புள்ளிக் கடிதம். "பைனாகுலர் – 10 எண்ணம்" என்று மட்டும் எழுதிக் கேட்டால் வருவது முன்சொன்ன பொம்மைதான். மிகக் குறைந்த விலைப்புள்ளியை ஏற்றாக வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆகவே இப்படி எழுதுங்கள்: உருப்பெருக்கம் 8, மாறாதது, பொருளருகு லென்ஸ் 40 அல்லது 42 மில்லிமீட்டர், ஆயிரம் மீட்டரில் பார்வைப் பரப்பு 125 மீட்டருக்குக் குறையாதது, முப்பட்டகம் பேக்-4 (BaK-4) கண்ணாடி, தண்ணீர் புகாதது, நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பியது, கண்விலகல் 16 மில்லிமீட்டருக்குக் குறையாதது. நேர்க்குழல் வடிவமென்றால் முப்பட்டகத்துக்குக் கட்டப்பூச்சு (phase coating) உண்டா என்றும் கேளுங்கள். 1988இல் ட்சைஸ் நிறுவனம் கொண்டுவந்த இப்பூச்சு இல்லாத நேர்க்குழல் கருவியில் இறகின் நுண்கோடுகள் மங்கிவிடும். "மாறாதது" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்; ஸூம் பைனாகுலர்களைத் தள்ளிவைப்பது அந்த ஒரு சொல்தான். முன்புற லென்ஸ் செம்மாணிக்க நிறத்தில் மின்னுவதையும் தள்ளிவிடுங்கள். அந்தப் பூச்சு சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் மாங்குயிலின் மஞ்சள்கூடப் பச்சை கலந்து தெரியும்.

பெட்டி வந்ததும் இயற்பியல் ஆசிரியரை அழைத்துக்கொள்ளுங்கள். கருவியை ஒரு முழ தூரத்தில் நீட்டி, வானத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணருகு லென்ஸைப் பார்த்தால் சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழுவட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் நறுக்கியதுபோலச் சதுரம் தட்டினால் முப்பட்டகம் மட்டமானது. அந்த வட்டத்தை அடிக்கோலால் அளந்து, முன்புற லென்ஸின் விட்டத்தை அதனால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் வந்துவிடும். பிறகு தொலைவிலுள்ள ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பம் இரட்டிப்பதுபோலவோ கண்ணை இழுப்பதுபோலவோ இருந்தால் இரு குழல்களும் ஒரே திசையில் இல்லை. அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வாங்கியதைத் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டிவைத்து, பார்வையாளர் வரும் நாளில் மட்டும் வெளியே எடுப்பது நம் வழக்கம். காற்றோட்டமில்லாத ஈரப் பீரோவில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால், புதியது வாங்கும் செலவில் பாதி பழுதுபார்க்க ஆகிவிடும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். வாரம் ஒருமுறையாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸில் தூசி படிந்தால் முதலில் ஊதித் தள்ளிவிட்டுப் பிறகே மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லுங்கள்; சட்டை நுனி வேண்டாம்.

விலைப்புள்ளி கேட்கும் முன் உங்கள் மன்றத்துப் பிள்ளைகளுடன் ஏதேனும் ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நஞ்சராயன் குளக்கரைக்கு வாருங்கள். என்னிடம் ஆக்‌ஷன் இஎக்ஸும், நண்பரிடம் டைமண்ட்பேக்கும் எம்5உம் இருக்கின்றன. மூன்றையும் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து, இருட்டும் வரை பார்க்கச் சொல்லி, எதை அவர்கள் திருப்பித்தர மறுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு போகலாம்.

இங்ஙனம்,
குளக்கரையில் உங்களைச் சந்தித்துவரும் பறவை நோக்கர் ஒருவர்