ஜனவரிக்குள் இருவாச்சிப் பறவையின் மரத்துக்குக் காவல்

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். போன பிப்ரவரியில் நம் அல்சூர் குழுவிலிருந்து பதினான்கு பேர் வேன் பிடித்து, ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போய்வந்தது நினைவிருக்கும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டியது நம் வேன்தான், ஒப்புக்கொள்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது.

மறுநாள் காடர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அண்ணன் கூட்டிப்போய், தூரத்திலிருந்து இருவாச்சி (ஹார்ன்பில்) கூடு வைத்திருக்கும் மரப்பொந்தைக் காட்டினார். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு மூன்று நான்கு மாதம் அங்கேயே கிடக்கும், ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும், அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் தாயும் குஞ்சும் பட்டினிதான். பொந்து எந்த மரத்தில் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்குக் கூலி கிடைக்க வேண்டும், நம் திட்டமே இதுதான்.

புதிய யோசனை ஒன்றும் இல்லை. தேக்கடியில் ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்களே இன்று வழிகாட்டிகள். கேரளத்து வாழச்சாலில் காடர்கள் வனத்துறையோடு சேர்ந்து இருவாச்சிக் கூடுகளைக் காக்கிறார்கள்.

அந்த அண்ணனின் குடியிருப்பில் பத்து இளைஞர்களுக்கு வழிகாட்டியாகவும் கூட்டுக்குக் காவலாகவும் இருக்க மூன்று மாதப் பயிற்சி, அந்த நாட்களுக்கான கூலியோடு 1,05,000 ரூபாய். எட்டு பைனாகுலர் 72,000. பெண்கள் குழு விருந்தினருக்குச் சமைக்கப் பாத்திரம், அடுப்பு 36,000. மழைக்கோட்டு, அட்டைப்பூச்சி ஏறாத சாக்ஸ் எல்லாம் சேர்த்து 27,000. மொத்தம் 2,40,000, கையில் இருப்பது 87,500. ரிசார்ட் கட்டப் போகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். ஒரு செங்கல்கூட வைக்கப்போவதில்லை, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூட்டிப்போவதும் இல்லை.

குடியிருப்பின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. வெளியானால் அடுத்த வாரமே கேமராக் கூட்டம் மரத்தடியில் நிற்கும், ஆண் பறவை கிட்டவே வராது. நேரில் கேட்டால் சொல்கிறோம்.

பணம் குடியிருப்பின் சூழல் மேம்பாட்டுக் குழு (வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்கள் நடத்தும் குழு) கணக்குக்குத்தான் போகும். ஜனவரி வாக்கில் பறவை பொந்துக்குள் போய்விடும், அதனால் பயிற்சியை செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் முடிந்ததைக் கொடுங்கள், நூறு ரூபாயானாலும் சரி. ஞாயிறு கூட்டத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பைனாகுலர் வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள், லென்ஸில் பூஞ்சை பிடிக்காததாக இருந்தால் போதும்.