ஃபார்கோ: எது நிஜம், எது கதை

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ சொன்ன ஃபார்கோ படத்தை நானும் அப்பாவும் பார்த்துவிட்டோம். அப்பா பாதியில் தூங்கிப்போய், மரம் அரைக்கிற மெஷினில் பிணத்தைப் போடுகிற சத்தத்தில்தான் கண் விழித்தார். விழித்த நேரம் சரியில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார்.

"உண்மைக் கதைம்மா, முதல்லயே போட்டிருக்கானே" என்று நீ போனில் அடித்துச் சொன்னாய். போட்டிருக்கிறான்தான். 1987இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது, பிழைத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை மாற்றியிருக்கிறோம், இறந்தவர்களுக்கு மரியாதையாக மற்றதையெல்லாம் நடந்தபடியே சொல்கிறோம் என்று. ஆனால் கடைசியில் ஓடுகிற எழுத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். பாத்திரங்கள் அத்தனையும் கற்பனை என்று வழக்கமான வரி அங்கே வருகிறது. பேங்கில் லோன் செக்‌ஷனில் இருந்தவளுக்குக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் எழுந்திருக்க வராது.

அந்தப் பழக்கத்தால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பணத்துக்காக ஆள் வைத்து மனைவியையே கடத்துகிறானே, கார் விற்கிற ஜெர்ரி, அவனுக்கு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து போன் வருமே, ஞாபகமிருக்கிறதா? 3,20,000 டாலர் கடன் வாங்கியிருக்கிறான். அதற்கு ஈடாகக் காட்டிய வண்டிகளின் நம்பர் ஃபாரத்தில் படிக்கவே முடியவில்லை என்கிறார்கள். ஃபேக்ஸ் பண்ணுகிறேன் என்று இழுக்கிறான். அந்த வண்டிகளே கிடையாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் கிளையில் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஃபைலில் சேர்ப்போம். ஒரு எண் மங்கலாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். டீலர் கடைப் பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், படத்தில் நிஜமாக நடந்தது என்று, படத்தை எடுத்த அண்ணன் தம்பியில் ஒருவரான ஜோயல் கோயன் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னது இரண்டே விஷயம். அதில் ஒன்று இதுதான். வண்டி நம்பர்களை மழுப்பி ஜெனரல் மோட்டார்ஸின் கடன் கம்பெனியை ஏமாற்றிய ஆள் ஒருவன் இருந்தானாம். கடத்தலும் கிடையாது, கொலையும் கிடையாது. வெறும் ஃபாரம் மோசடி!

இரண்டாவது அந்த மெஷின். அது மினசோட்டாவிலேயே நடக்கவில்லை; கனெக்டிகட் மாநிலத்து நியூடவுனில், 1986 நவம்பரில் நடந்தது. டென்மார்க்கில் பிறந்த விமானப் பணிப்பெண் ஒருத்தி காணாமல் போனாள். கணவன் விமானி. அவன் அதே சமயத்தில் மரம் அரைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தது தெரியவந்தது. கொட்டுகிற பனியில் ராத்திரி நேரத்தில் ஒருவன் அப்படியொரு மெஷினோடு நின்றதை, ரோட்டில் பனி தள்ளுகிற வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். ஆற்றோரத்தைச் சலித்துத் தேடியதில் முடி, ஒரு நகம், எலும்புச் சில்லுகள், பல்லின் மேல்பகுதி கிடைத்தன. மொத்தமாக மூன்று அவுன்ஸ்கூட இல்லை. தடயவியல் நிபுணர் ஹென்றி லீ அதை வைத்துத்தான் வழக்கை நிமிர்த்தினார். முதல் விசாரணையில் ஜூரி ஒத்துப்போகவில்லை. 1989இல் இரண்டாவது ஜூரி குற்றவாளி என்றது. தண்டனை 50 வருடம். உடல் கிடைக்காமல் கொலைக்குத் தண்டனை விழுந்தது அந்த மாநிலத்தில் அதுதான் முதல் தடவை.

1963இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்து வக்கீல் ஒருவன் இன்ஷூரன்ஸ் பணத்துக்காக ஆள் வைத்து மனைவியைக் கொன்றதையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஊரும் ஆள் வைத்ததும் ஒத்துப்போகும். அதற்கு மேல் ஒன்றும் தேறாது.

சரி, இப்படிப் பொய் சொல்லலாமா என்று கேட்பாய். கதைக்காரன் பொய் சொல்லட்டும், அவன் தொழில் அது. அந்த நியூடவுன் பெண்ணின் கதையை அப்படியே எடுத்து வைத்துச் சிரிப்புக் காட்டியிருந்தால் எனக்குப் பொறுத்திருக்காது. மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிட்டார்கள், நல்ல வேளை. ஆனால் அந்த "இறந்தவர்களுக்கு மரியாதை" இருக்கிறதே, அது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. படத்தில் செத்தவர்கள் யாரும் நிஜத்தில் இருந்ததே இல்லை. அப்புறம் யாருக்கு மரியாதை?

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. 2001 நவம்பரில் ஜப்பான்காரப் பெண் ஒருத்தி மினசோட்டாவில் இறந்து கிடந்தாள். படத்தில் பனியில் புதைத்த பணத்தைத் தேடித்தான் அவள் வந்தாள் என்று செய்தி உலகமெல்லாம் பரவியது. போலீஸ்காரர் ஒருவர் அவள் பேசியதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததில் கிளம்பிய கதை அது. அவள் தன் சொந்தத் துயரத்தில் வந்து உயிரை விட்டவள் என்பது பிறகு ஒரு ஆவணப்படத்தில் தெரிந்தது. ஆனால் பணம் தேடி வந்தவள் என்ற கதைதான் இன்றைக்கும் ஓடுகிறது.

இதெல்லாம் ஒரு பக்கம். படத்தில் துப்புத் துலக்குகிற அந்த ஏழு மாதக் கர்ப்பிணிப் போலீஸ்காரி மார்ஜை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளாக நடித்த ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கர் கொடுத்தது தப்பே இல்லை.

2014இல் இதே பெயரில் வந்த தொடரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். அதிலும் அதே உண்மைக் கதை வரியைப் போடுகிறார்களாமே. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம். சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காரலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா