அந்த முதல் இரண்டு வாரங்கள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மரண விசாரணைக்காக உங்கள் அலுவலகத்தை நாடி வந்திருக்கும் அந்தக் குடும்பத்தின் தாய் நாள் தவறாமல் தொலைபேசியில் அழைப்பதையும், பதில் சொன்ன கேள்வியையே மறுபடியும் கேட்பதையும், உன்னுடன் வேலை செய்யும் மூத்தவர் ஒருவர் 'கரைச்சல் பிடித்த குடும்பம்' என்று அலுத்துக்கொண்டதையும் எழுதியிருந்தாய். அவர் சொன்னது சரிதானோ என்ற எண்ணம் உனக்கும் வந்துவிட்டது போலத் தெரிகிறது. அதனால்தான் தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசி முடிக்காமல் ஆறுதலாக எழுதுகிறேன்.

லண்டனில் இனவெறியர்கள் குத்திக் கொன்ற கறுப்பு இளைஞன் ஸ்டீபன் லோரன்ஸின் வழக்கை நீ சட்டம் படித்த காலத்தில் கட்டாயம் வாசித்திருப்பாய். பாடப்புத்தகத்தில் அது, பொலிஸார் அந்தக் கொலையை விசாரித்த விதத்தை ஆராய்ந்த 1999ஆம் ஆண்டின் மக்பெர்சன் அறிக்கையில் தொடங்கி, ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற பழைய விதி தளர்த்தப்பட்டதோடு முடிந்துவிடும். தென்கிழக்கு லண்டனின் லூவிஷாமில் குடியிருந்த எங்களுக்கு அது 1993 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. எல்தம் எங்களுக்கு பஸ் ஏறிப் போகும் தூரம். அதற்கு அடுத்த வெல்லிங்கில், புத்தகக் கடை என்ற பெயரில், தீவிர வலதுசாரி இனவாதக் கட்சியான பிரித்தானிய தேசியக் கட்சி தன் தலைமையகத்தையே நடத்திக்கொண்டிருந்தது. 1991இல் தேம்ஸ்மீட்டில் ரோலன் அடம்ஸ் என்ற 15 வயதுப் பையனும், 1992இல் எல்தமிலேயே ரோஹித் துக்கல் என்ற இன்னொரு பையனும் கொல்லப்பட்டிருந்தார்கள். அதே 1992இன் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் நம் தமிழ் அகதி இளைஞர் ஒருவரும் இனவெறியர்கள் தாக்கியதில் உயிரிழந்தார். இரவு வேலை முடிந்து வருகிற நம்மவர்கள் தனியே பஸ்ஸுக்கு நிற்காமல் ஆள் சேர்த்துக்கொண்டு நின்ற காலம் அது.

ஏப்ரல் 22ஆம் திகதி இரவு பத்தரை மணியளவில், எல்தமின் வெல் ஹோல் வீதியில், 18 வயது ஸ்டீபனும் அவன் நண்பன் டுவெய்ன் புரூக்ஸும் வீட்டுக்குப் போக பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீதியின் எதிர்ப்புறத்திலிருந்து, நிறத்தைச் சொல்லி இழிவாகக் கத்தியபடி, ஒரு வெள்ளை இளைஞர் கூட்டம் ஓடிவந்தது. ஸ்டீபனுக்கு இரண்டு கத்திக்குத்துகள். அந்தக் காயங்களோடு நூறு மீற்றருக்கு மேல் ஓடிய பிறகே அவன் விழுந்தான். கட்டடக் கலைஞனாக வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை.

தேவாலயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு தம்பதியர் அந்த இடத்தில் நின்றார்கள். இரண்டு கறுப்பு இளைஞர்கள் ஓடிவருவதைக் கண்டபோது முதலில் தனக்கு ஐயமே எழுந்தது என்று அந்தக் கணவர் பின்னாளில் விசாரணைக் குழுவின் முன் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் அவர்கள் விலகிப் போகவில்லை. அந்தப் பெண் ஸ்டீபனின் தலையில் கை வைத்து, உன்மேல் அன்பு வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று அவன் காதருகே சொன்னார். கணவர் வீட்டுக்குப் போய்க் கையில் படிந்த இரத்தத்தைக் கழுவி, அந்த நீரைத் தம் தோட்டத்து ரோஜாச் செடியின் அடியில் ஊற்றினார். அங்கு வந்து சேர்ந்த பொலிஸாரோ முறையான முதலுதவி எதையும் செய்யவில்லை என்று அறிக்கை பதிவு செய்திருக்கிறது. கண் முன்னே நண்பனைப் பறிகொடுத்த டுவெய்னை அவர்கள் பாதிக்கப்பட்டவனாக நடத்தவுமில்லை.

இனி வருவதைத்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும். கொலை நடந்த மறுநாளிலிருந்தே, இன்னார் இன்னார்தான் செய்தார்கள் என்ற தகவல் பொலிஸாருக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு தொலைபேசிக் கூண்டில் பெயர்கள் எழுதிய கடிதம் ஒன்று விடப்பட்டிருந்தது. பொலிஸ் வாகனக் கண்ணாடியில் இன்னொரு துண்டுக் குறிப்புச் செருகப்பட்டிருந்தது. எவரையும் கைது செய்யவில்லை. வீட்டைக் கண்காணிப்போம் என்றார்கள். ஏப்ரல் 26ஆம் திகதி, கண்காணிக்கப் போனவரின் கண் முன்னாலேயே சந்தேக நபர் ஒருவரின் வீட்டிலிருந்து ஒருவர் குப்பைப் பையில் துணிகள் போன்ற எதையோ எடுத்துக்கொண்டு போனார். மேலிடத்துக்குச் சொல்வதற்குக் கண்காணித்தவரிடம் கைத்தொலைபேசிகூட இல்லை. பை போய்விட்டது. அதற்குள் என்ன இருந்தது என்பதை இனி எந்த நீதிமன்றத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டீபனின் வீட்டுக்கு வந்து போனவர்கள் சொன்ன பெயர்களை அவன் தாய் டொரீன் ஒரு தாளில் எழுதி, மே 6ஆம் திகதி ஒரு மூத்த அதிகாரியிடம் கொடுத்தார். அவர் பேசிக்கொண்டே அந்தத் தாளை மடித்து, மறுபடி மடித்து, குப்பையில் எறியப் போகிறவர் போலச் சிறிதாக்கிக்கொண்டிருந்ததைத் தாய் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நாள் லண்டனுக்கு வந்திருந்த நெல்சன் மண்டேலா லோரன்ஸ் குடும்பத்தைச் சந்தித்தார். மறுநாள் முதல் கைதுகள் தொடங்கின. இது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படி எண்ண மனம் வரவில்லை.

குடும்பத்தின் சட்டத்தரணியாக வந்த இம்ரான் கானும் உன்னைப் போல இளம் வயதில்தான் வந்தார். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு அவர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். தங்கள் வேலைக்கு அது இடைஞ்சல் என்று பொலிஸார் எரிச்சல்பட்டார்கள். கொலைகாரரைத் தேடுவதற்கு விடாமல் இந்தக் குடும்பம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று குறைப்பட்டவர்களும் இருந்தார்கள். உன் அலுவலக மூத்தவரின் பேச்சை நீ எழுதியபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. கரைச்சல் கொடுத்த அந்தத் தாயும் தகப்பன் நெவிலும் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது என்பது ஆறு ஆண்டுகள் கழித்து ஓர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் கையெழுத்தோடு வெளிவந்தது. கேட்கப்பட்ட நேரத்தில் அவற்றுக்கு மதிப்பு இருக்கவில்லை.

1993 ஜூலையில் அரச தரப்பு சாட்சியம் போதாது என்று குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. அரசு செய்யாததைக் குடும்பமே செய்யத் துணிந்து, தனிப்பட்ட வழக்குத் தொடுத்தது; கடைசியில் மூன்று பேர் மீதுதான் அது விசாரணைக்கு வந்தது. 1996 ஏப்ரலில் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் டுவெய்ன் அடையாளம் காட்டிய சாட்சியத்தை நீதிபதி ஏற்க மறுத்ததும் வழக்குச் சரிந்தது, மூவரும் விடுதலையானார்கள். அன்றிருந்த சட்டப்படி, அவர்களை அதே கொலைக்காக மறுபடி கூண்டில் ஏற்றவே முடியாது. அவர்கள் அவசரப்பட்டார்கள் என்று அன்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை: வாயிற்படி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவர்கள்தான் அந்த வழியில் இறங்கினார்கள்.

உன் வேலை மரண விசாரணை என்பதால் 1997 பெப்ரவரியை உனக்குத் தனியே சொல்ல வேண்டும். சந்தேகிக்கப்பட்ட ஐவரும் சாட்சிக் கூண்டில் ஏறி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுத்தார்கள். அப்படியிருந்தும் ஜூரிமார், ஐந்து வெள்ளை இளைஞர்கள் எந்தத் தூண்டுதலும் இல்லாமல் இன வெறியோடு நடத்திய தாக்குதலில் ஸ்டீபன் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டான் என்று, தங்களிடம் கேட்கப்பட்டதற்கும் மேலாகவே எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் டெய்லி மெயில் ஐவரின் படங்களையும் முதற்பக்கத்தில் போட்டு, கொலைகாரர்கள் என்று தலைப்பிட்டு, தவறென்றால் வழக்குப் போடுங்கள் என்று சவால் விட்டது. ஒருவரும் வழக்குப் போடவில்லை. குடியேறியவர்களுக்கு ஆதரவான பத்திரிகை என்று அதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதனாலேயே அந்தப் பக்கம் நாட்டைக் குலுக்கியது. எவரையும் தண்டிக்க அதிகாரம் இல்லாத ஒரு மரண விசாரணை செய்த வேலை அது.

அந்த ஆண்டு ஜூலையில் உள்துறை அமைச்சர் ஜக் ஸ்ட்ரோ விசாரணைக் குழுவை அமைத்தார். 1999 பெப்ரவரி 24இல் வெளிவந்த மக்பெர்சன் அறிக்கை, தொழில் திறமையின்மை, நிறுவனமயமான (அதாவது ஒரு துறையின் நடைமுறையிலேயே ஊறிப்போன) இனவாதம், மூத்த அதிகாரிகளின் தலைமைத் தோல்வி ஆகிய மூன்றும் சேர்ந்தே விசாரணையைக் கெடுத்தன என்றது. 70 பரிந்துரைகளை வைத்தது. ஒருவரை இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற தடை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்த்தப்பட்டது; அந்தத் தளர்வு 2005இல் நடைமுறைக்கு வந்தது. 1993இல் கைப்பற்றப்பட்ட உடைகளைத் தடயவியலாளர்கள் புதிதாக ஆராய்ந்தபோது, 1996இல் விடுதலையான மூவரில் ஒருவரான கேரி டொப்சனின் மேற்சட்டைக் கழுத்துப்பட்டியில் அரை மில்லிமீற்றர் நீளமும் அதில் பாதி அகலமும் கொண்ட ஓர் இரத்தப் புள்ளி அகப்பட்டது. ஸ்டீபனின் இரத்தம். 2012 ஜனவரி 3ஆம் திகதி டொப்சனும், சந்தேகிக்கப்பட்ட ஐவரில் இன்னொருவரான டேவிட் நொரிஸும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஸ்டீபன் வாழ்ந்தது 18 ஆண்டுகள். தாய் தகப்பன் காத்திருந்ததும் 18 ஆண்டுகளுக்கு மேல். மகன் மண்ணுக்குள் கிடக்கும்போது எப்படிக் கொண்டாடுவது என்றுதான் டொரீன் நீதிமன்ற வாசலில் கேட்டார்.

அந்தப் புள்ளியை எல்லாரும் விஞ்ஞானத்தின் வெற்றி என்கிறார்கள். வெற்றிதான். ஆனால் அந்த உடை கைப்பற்றப்பட்டது கொலை நடந்து இரண்டு வாரம் கழித்து என்பதை நினைத்துப் பார். முதல் நாளே வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் எத்தனை உடைகள் அகப்பட்டிருக்கும், குப்பைப் பையில் போனது எங்கே நின்றிருக்கும்? ஐந்தோ ஆறோ பேர் செய்த கொலைக்கு இருவர் மட்டுமே தண்டிக்கப்பட்டார்கள். 2020இல் பொலிஸார் விசாரணையை நிறுத்திவைத்தார்கள். ஆறாவது சந்தேக நபரின் பெயரை 2023இல் பிபிசி வெளியிட்டபோது அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. போதாததற்கு, சந்தேக நபர்களைக் கண்காணிக்கப் போனவருக்குக் கைத்தொலைபேசிகூடக் கொடுக்காத அதே பொலிஸ் துறை, நீதி கேட்ட குடும்பத்தைச் சுற்றி இரகசிய உளவாளிகளை வைத்திருந்தது என்பதும் பின்னாளில் வெளியே வந்தது.

எனவே உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். அந்தத் தாய் அடுத்த முறை அழைக்கும்போது அவர் கேட்பதைத் திகதியிட்டு எழுதிக்கொள். அவர் தருகிற தாள் எதுவாக இருந்தாலும் அவர் முன்னிலையிலேயே பிரதி எடுத்து, ஒன்றை அவர் கையில் கொடு. பழைய கேள்வியையே மறுபடி கேட்டால், முன்பு சொன்ன பதில் அவருக்கு ஏன் போதவில்லை என்று உன் மூத்தவரையும் வைத்துக்கொண்டு பேசு. அது உங்கள் கோப்பில் எங்கோ ஓர் ஓட்டை இருப்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும். மக்பெர்சன் அறிக்கையின் என் பிரதியை இந்த வாரமே தபாலில் அனுப்புகிறேன். ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள். பொலிஸார் குடும்பத்தை நடத்திய விதம் பற்றிய அத்தியாயத்தை முதலில் வாசித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா